சிலிக்கா: பெயர் ஒன்று, சரக்கு பல

நமது திருப்பூர் வட்டாரத்துக் கடைவீதிகளில் "சிலிக்கா" என்ற சொல் அடிபடாத நாளில்லை. பனியன் ஏற்றுமதி செய்பவர் சிலிக்கா என்று கேட்டால், அட்டைப் பெட்டிக்குள் போடும் சிறு பொட்டலத்தைக் கேட்கிறார். சலவைப் பட்டறைக்காரர் கேட்டால், டிரம்மில் வரும் கெட்டித் திரவத்தைக் கேட்கிறார். கோவைப் பக்கத்து வார்ப்படத் தொழிலாளர் கேட்பது மணலை. மசாலாப் பொடி அரைத்துப் பாக்கெட் போடுபவர் கேட்பது, பொடி கட்டி தட்டாமல் இருப்பதற்கான வெள்ளைத் தூளை. நமது மளிகைக் கடைகளில் மார்கழி மாதம் மூட்டை மூட்டையாக விற்கும் கோலமாவிலும் பல சமயம் இருப்பது இதன் உறவுக்காரக் கல்தான்.

கேட்பவர் ஐந்து பேர், சொல் ஒன்று. ஆனால் ஐந்தும் ஒரே சரக்கு அல்ல. ஒன்று உணவில் சேரலாம், இன்னொன்று சேரவே கூடாது. ஒன்றை வெறுங்கையால் அள்ளலாம், இன்னொன்றின் தூசியை வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெட்டுவிடும். பெயரை மட்டும் கேட்டு வாங்கி, பெயரை மட்டும் சொல்லி விற்கும் பழக்கம் நமது வணிகர்களிடையே இருக்கிறது. இந்தப் பழக்கம் மாறவேண்டும், சிலிக்கா எந்த வகை என்று பில்லிலும் மூட்டையிலும் எழுதாத சரக்கை நாம் வாங்கக்கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதற்கான காரணங்களை உறுப்பினர்கள் முன் வைக்கிறோம்.

மூன்று பெயர்களின் குழப்பம்

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம். சிலிக்கான், சிலிக்கா, சிலிக்கோன் என்று மூன்று சொற்கள் உண்டு. சிலிக்கான் என்பது தனிமம். கணிப்பொறிச் சில்லுகளும் சூரிய ஒளித் தகடுகளும் அதில் செய்யப்படுகின்றன. சிலிக்கா என்பது அந்தத் தனிமமும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். மணலில் பெரும்பங்கு இதுவே. சிலிக்கோன் என்பது தொழிற்சாலையில் செய்யப்படும் எண்ணெய் அல்லது ரப்பர் போன்ற பொருள். பனியன் துணி கைக்கு வழுவழுப்பாக இருப்பதற்காகச் சாயப்பட்டறையில் கடைசியாகக் கொடுக்கும் சாஃப்ட்னர்களில் பல சிலிக்கோன் வகையைச் சேர்ந்தவை. போனில் ஆர்டர் சொல்லும்போது ஒரு எழுத்து மாறினால் லாரியில் வந்து இறங்கும் சரக்கே மாறிவிடும்.

சிலிக்காவுக்குள்ளேயே இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. ஒன்று படிகச் சிலிக்கா. அணுக்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்பது. குவார்ட்ஸ் எனப்படும் வெள்ளைக்கல்லும் ஆற்று மணலும் இவ்வகை. மற்றது படிகமற்ற சிலிக்கா. அணுக்கள் வரிசையின்றிக் கலைந்து கிடப்பது. தொழிற்சாலையில் தயாரிக்கும் வெண்தூளும் ஈரம் உறிஞ்சும் மணிகளும் இவ்வகை. வேதியியல் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே குறியீடுதான். ஆனால் உடம்புக்குள் போகும்போது இரண்டும் ஒன்றல்ல. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புபவன் வியாபாரி ஆகமாட்டான். வெள்ளைத் தூளெல்லாம் ஒரே சிலிக்கா என்று நம்புபவனும் அப்படித்தான்.

மணலும் வெள்ளைக்கல்லும்

காங்கேயம், கரூர் வட்டாரங்களில் வெள்ளைக்கல் கிடைப்பதை நாம் எல்லோரும் அறிவோம். கண்ணாடி, பீங்கான், வார்ப்படம் ஆகியவற்றுக்கு இந்தப் படிகச் சிலிக்கா இன்றியமையாதது. கோவையில் மோட்டார் பம்பு செட்டுக்கு அச்சு வார்க்கும் பட்டறைகளில் சலித்த மணலுடன் சோடியம் சிலிகேட் திரவத்தைச் சேர்த்து, அதன் மேல் கரியமில வாயுவைச் செலுத்தினால் அச்சு கல்லாக இறுகிவிடும். சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களிலும், வீட்டுத் தண்ணீர் வடிகட்டிகளிலும் பல அளவில் சலித்த மணல் அடுக்கடுக்காக இருக்கிறது. மணல் மணலாக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை.

அதை மாவாக அரைக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத, தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் மூச்சோடு நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கிவிடுகின்றன. அவை தங்கிய இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு பரவப் பரவ மூச்சு குறைகிறது. சிலிக்கோசிஸ் என்று இந்த நோய்க்குப் பெயர். விழுந்த தழும்பை ஆற்றும் மருந்து கிடையாது. இந்த நோய் உள்ளவர்களைக் காசநோயும் எளிதில் பற்றிக்கொள்கிறது. நமது நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே, அறிவிக்க வேண்டிய தொழில் நோயாக இது இடம்பெற்றது.

இது எங்கோ சுரங்கத்தில் நடப்பது என்று எண்ணவேண்டாம். நமது கடைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்ற சிலேட்டுக் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோர் மாவட்டத்தில் கல்லை அறுத்துக் குச்சி செய்த தொழிலாளர்கள் இந்த நோயால் இளவயதிலேயே ஏராளமாக மாண்டார்கள். குச்சியால் எழுதிய பிள்ளைக்கு அந்த ஆபத்து இல்லை, அறுத்த தொழிலாளிக்குத்தான் வந்தது. துணித் தொழிலில் நடந்த சம்பவம் இன்னும் நமக்கு நெருக்கமானது. துருக்கி நாட்டில் ஜீன்ஸ் துணிக்குப் பழைய தோற்றம் கொடுப்பதற்காக மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சினார்கள். அந்த வேலை பார்த்த இளைஞர்கள் சில ஆண்டுகளிலேயே நோயாளிகளானார்கள், பலர் இறந்தார்கள். 2009-ஆம் ஆண்டு அந்த நாட்டு அரசு துணியில் மணல் பீய்ச்சுவதையே தடை செய்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வேலையிடத்தில் மூச்சோடு உள்ளே போகும் படிகச் சிலிக்காத் தூசியை 1997-ஆம் ஆண்டு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. அதே முகமை, அதே ஆண்டு, படிகமற்ற சிலிக்காவை மூன்றாம் பிரிவில் வைத்தது. அதாவது, புற்றுநோய் உண்டாக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லாதவற்றின் வரிசையில். இரண்டு சரக்கையும் ஒரே பெயரில் பில் போடுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

சலவைப் பட்டறைக்குப் போகும் சிலிகேட்

மணலையும் சோடாவையும் சேர்த்து உலையில் உருக்கினால் சோடியம் சிலிகேட் கிடைக்கிறது. தண்ணீரில் கரையும் கண்ணாடி என்று இதைச் சொல்லலாம். துணி சோப்பில் இதைச் சேர்ப்பதை நமது சோப்பு வியாபாரிகள் அறிவார்கள். துணியைப் பெராக்சைடில் வெளுக்கும்போது, பெராக்சைடு அவசரப்பட்டுச் சிதைந்து வீணாகாமல் பிடித்து நிறுத்துவதற்கும் சிலிகேட் பயன்படுகிறது. விலை மலிவு, வேலையும் திருத்தமாக நடக்கும்.

ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. கடினநீரில் உள்ள சுண்ணாம்பு, மக்னீசியத்தோடு சேர்ந்து துணியின் மேலும் இயந்திரத்தின் உள்ளும் படிந்துவிடும். துணி கைக்குச் சொரசொரப்பாகும். சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சாதாரண உப்புப் படிவத்தை அமிலம் ஊற்றிக் கரைப்பது போல இதைக் கரைக்க முடியாது, ஏனென்றால் சிலிக்கா சாதாரண அமிலங்களுக்கு மசியாது. இதனாலேயே பல பட்டறைகள் சிலிகேட் இல்லாத வேறு நிலைநிறுத்திகளுக்கு மாறின.

நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ஆம் தேதி சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதையும், அதன்பின் கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு நமது தொழில் மாறவேண்டியிருந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த முறையில் கழிவுநீரைச் சவ்வு வழியாகப் பிழிந்தெடுக்கிறார்கள். தண்ணீரில் சிலிக்கா கூடினால் சவ்வில் படிந்து அடைத்துக்கொள்ளும். படிந்ததை எடுப்பது சிரமம், சவ்வு மாற்றுவது பெருஞ்செலவு. ஆகவே பட்டறைக்கு ரசாயனம் விற்கும் நமது உறுப்பினர், தான் விற்கும் நிலைநிறுத்தியில் சிலிகேட் இருக்கிறதா இல்லையா என்று கேட்காமலேயே சொல்லிவிடுவது நல்லது. வாடிக்கையாளர் நட்டப்பட்டால் அடுத்த ஆர்டர் நமக்கு வராது.

நமது அலமாரியில் இருக்கும் வெண்தூள்

சிலிகேட் கரைசலில் கந்தக அமிலத்தைச் சேர்த்தால் சிலிக்கா வெண்மையாகப் பிரிந்து வீழ்படிவாகிறது. கழுவிக் காய வைத்தால் மிக இலேசான தூள். படிகமற்ற வகை. டயருக்கும் செருப்பு அடிப்பாகத்துக்கும் ரப்பரோடு சேர்கிறது. பற்பசையில் பல்லை மெருகேற்றவும் பசையைக் கெட்டியாக்கவும் சேர்கிறது. சாயத் தொட்டியில் நுரை அடக்கும் மருந்திலும் இருக்கிறது. தீச்சுடரில் வைத்துத் தயாரிக்கும் இன்னொரு வகை உண்டு. புகை போல நுண்ணியது, விலை அதிகம். பெயின்ட், மை, பசை ஆகியவை ஒழுகாமல் கெட்டியாக நிற்க அது உதவுகிறது.

இந்தப் படிகமற்ற சிலிக்காவின் உணவுத் தர வகைதான் பாக்கெட்டுகளில் 551 என்ற எண்ணோடு அச்சாகிறது. தூள் உப்பு, சூப்புப் பொடி, காப்பியில் கலக்கும் பால்பொடி போன்றவை கட்டி தட்டாமல் உதிரியாக விழுவதற்குச் சிறிதளவு சேர்ப்பார்கள். "உப்பில் மணல் கலக்கிறார்கள்" என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால், நாம் கோபப்படாமல் இந்த எண்ணைக் காட்டி விளக்க வேண்டும். அனுமதித்த அளவில் உணவுத் தரச் சிலிக்கா சேர்ப்பது கலப்படம் அல்ல.

ஆனால் அனுமதி எல்லா உணவுக்கும் பொதுவானதும் அல்ல. பழைய கலப்படத் தடை விதிகளிலேயே தூள் உப்பு, வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி, பழப்பொடி, சூப்புப் பொடி என்று பெயர் குறித்து, இத்தகைய பொருள்கள் 2 சதவிகிதத்துக்கு மிகக்கூடாது என்று எல்லை கட்டியிருந்தார்கள். 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும், எந்த உணவில் எது, எவ்வளவு என்று பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலைப் பார்க்காமல், பக்கத்துக் கெமிக்கல் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று ரப்பருக்குப் போகும் தூளை வாங்கி மிளகாய்ப் பொடியில் கலப்பது பெருங்குற்றம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ரப்பருக்கான தூளில் ஈயம் முதலிய கன உலோகங்கள் எவ்வளவு என்று எவரும் உணவுக்காகச் சோதிப்பதில்லை. உணவுத் தரத்தில் அதைச் சோதித்தாக வேண்டும். விலை வித்தியாசம் எதற்காக என்றால் இதற்காகத்தான்.

மிளகாய்ப் பொடியை அரசு ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்வோம். பொடியை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுகிறார்கள். தாவரத்தின் இயல்பான உப்புகள் கரைந்துவிடும். கரையாமல் அடியில் நிற்பது பெரும்பாலும் மணல், அதாவது சிலிக்கா. மிளகாய்ப் பொடியில் இது 1.3 சதவிகிதத்துக்கும், மல்லிப் பொடியில் 1.5 சதவிகிதத்துக்கும் மேல் இருந்தால் தரம் குறைந்த சரக்கு என்று அறிக்கை வரும். களத்தில் மண்ணோடு காயவைத்த மிளகாயைச் சலிக்காமல் அரைத்தாலும் இந்த அளவு தாண்டும், தூளைக் கலந்தாலும் தாண்டும். வெளுக்கும் பட்டறையில் இயந்திரத்தை அடைக்கும் குணமும், ஆய்வகத்தில் நம்மைக் காட்டிக்கொடுக்கும் குணமும் ஒன்றே: சிலிக்கா அமிலத்துக்கு மசியாது.

தரம் குறைந்த உணவை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரே முழுப் பொறுப்பு. பில் இல்லாமல் கிலோவுக்கு இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்தவர், பிறர் செய்த கலப்படத்தையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

அட்டைப் பெட்டிப் பொட்டலங்கள்

பனியன் பெட்டிக்குள் போடும் சிலிக்கா ஜெல் மணிகளும் படிகமற்ற வகையே. ஒவ்வொரு மணியிலும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருப்பதால், நல்ல ஈரக்காற்றில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான ஈரத்தை உறிஞ்சும். கப்பலில் வாரக்கணக்கில் போகும் துணி பூசணம் பிடிக்காமல் இருக்க இது துணை. "உண்ணாதீர்" என்று அதன் மேல் அச்சிடுவது மணி விஷம் என்பதற்காக அல்ல, குழந்தைகளின் தொண்டையில் சிக்கும் என்பதற்காகத்தான்.

நீல நிற மணியின் கதை வேறு. ஈரம் பட்டதும் ரோஸ் நிறமாக மாறிக் காட்டுவதற்காக அதில் கோபால்ட் குளோரைடு ஏற்றியிருப்பார்கள். அது நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ஆம் ஆண்டு அதை மிகுந்த கவலைக்குரிய ரசாயனங்களின் பட்டியலில் சேர்த்தது. மளிகைக் கடையில் ஊறுகாய்ப் பொடி டப்பாவுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் அருகில் நீல மணிகளைச் சில்லறையாக அள்ளி விற்பது கூடவே கூடாது.

இன்னொரு பாடமும் உண்டு. ஈர உறிஞ்சிப் பொட்டலம் என்ற பெயரில், பூசணத்தைக் கொல்ல டைமெத்தில் ஃபியூமரேட் என்ற ரசாயனத்தை அடைத்துச் சோபாக்களிலும் காலணிகளிலும் வைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். வாங்கியவர்களின் தோல் வெந்து புண்ணானது. 2009 மே 1 முதல், கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அந்த ரசாயனம் உள்ள எந்தப் பொருளையும் அங்கே விற்கக்கூடாது என்று தடை வந்தது. பொட்டலத்தின் விலை சில காசுகள். அதனால் திருப்பி அனுப்பப்படும் கன்டெய்னரின் விலையோ பல லட்சங்கள். அதேபோல் கால்சியம் குளோரைடு நிரப்பிய பையை வெறும் சிலிக்கா என்று எண்ணித் துணிப் பெட்டிக்குள் வைத்தால், அது ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தானே தண்ணீராகிக் கசிந்து துணியைக் கறையாக்கும். அது கன்டெய்னர் சுவரில் தொங்கவிடவேண்டிய சரக்கு. பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பது என்ன என்று கேட்பது உபரி நிர்வாகம் அல்ல, வியாபாரப் பாதுகாப்பு.

உமிச் சாம்பல் சொல்லும் உண்மை

நமது மாவட்டத்துக் காங்கேயம் அரிசி ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். ஆயிரம் கிலோ நெல்லில் ஏறத்தாழ 200 கிலோ உமி. அதை எரித்தால் ஏறத்தாழ 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவிகிதம் வரை சிலிக்கா. நம் முன்னோர் உமிக்கரியால் பல் துலக்கியது இதன் தேய்க்கும் குணத்தால்தான். டாடா நிறுவனம் 2009-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய மலிவு விலைத் தண்ணீர் வடிகட்டியில் உமிச் சாம்பலே முக்கியப் பொருள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார் இச்சாம்பலிலிருந்து வெண்தூள் சிலிக்கா எடுக்கும் முறையை உருவாக்கியுள்ளார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அளவான சூட்டில் எரிந்த சாம்பலில் சிலிக்கா படிகமற்றதாக இருக்கும். கொதிகலனில் மிகுந்த சூட்டில் எரிந்தால் அதே சிலிக்கா படிகமாக மாறத் தொடங்கும். உமி ஒன்று, ஊர் ஒன்று, ஆலையும் ஒன்று, சூடு மட்டும் மாறியதால் சரக்கின் குணமே மாறிவிடுகிறது. ஊர்ப் பெயரையும் மூட்டை நிறத்தையும் வைத்துச் சிலிக்காவை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நம் வட்டாரத்தில் இல்லை.

மளிகைக் கடைக்காரருக்கு எதற்கு இதெல்லாம்?

"பருப்பும் புளியும் விற்கிற எங்களுக்கு வேதியியல் எதற்கு?" என்று சில உறுப்பினர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் யாராவது "அரிசி ஒரு மூட்டை" என்று மொட்டையாகக் கொள்முதல் செய்கிறோமா? புழுங்கலா பச்சையா, பழசா புதுசா, எந்த ஊர் ஆலை, எத்தனை முறை பட்டை தீட்டியது என்று கேட்டு, கையில் அள்ளிப் பார்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். வெல்லத்தில், புளியில், மிளகாயில் எல்லாம் அப்படியே. சரக்கறிவு நமது பரம்பரைச் சொத்து. அரிசிக்குக் கேட்கும் நான்கு கேள்விகளை வெள்ளைத் தூளுக்கும் கேளுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

இன்னொரு தரப்பினர், "இப்படியெல்லாம் எழுதினால் மக்கள் பயந்து கோலமாவுகூட வாங்கமாட்டார்கள்" என்பார்கள். வாசலில் காலையில் ஒரு கைப்பிடி மாவில் கோலம் போடும் பெண்மணிக்கு இதனால் சிலிக்கோசிஸ் வரும் என்று நாம் சொல்லவில்லை. நமது கவலையெல்லாம் ஐம்பது கிலோ மூட்டையைப் பிரித்து, காற்றோட்டமில்லாத கிடங்கில் நாள் முழுவதும் அள்ளி அள்ளி ஒரு கிலோ பாக்கெட் போடும் நம் கடைப் பையனைப் பற்றியும், கல் அரைக்கும் ஆலைத் தொழிலாளியைப் பற்றியும்தான். கோலமாவு எல்லாம் ஒரே கல் அல்ல. சுண்ணாம்புக்கல், மாக்கல், வெள்ளைக்கல் என்று பலவற்றிலும் அரைக்கிறார்கள்.

இதைக் கடையிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஒரு சிட்டிகை மாவில் வினிகர் இரண்டு சொட்டு விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்புக்கல் வகை. நுரைக்காவிட்டால் விரலில் தேய்த்துப் பாருங்கள். சோப்புப் போல வழுக்கினால் மாக்கல். நறநறவென்று இருந்து, பழைய கண்ணாடிச் சீசாவில் வைத்துத் தேய்த்தால் கீறல் விழுமானால் அது வெள்ளைக்கல் அல்லது அதையொத்த கடினக்கல். அப்படிப்பட்ட மாவை வாங்காமல் சுண்ணாம்புக்கல் மாவைக் கேட்டு வாங்குவதே நல்லது. விலையில் பெரிய வேறுபாடு இருந்தாலும்கூட, வாங்குபவருக்குக் கோலம் வெள்ளையாக விழுகிறதா என்பதே கணக்கு. கல் எது என்பதை நாம்தான் அவருக்காகப் பார்க்கவேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, பில். சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1-ல் வந்தபின் ஒவ்வொரு சரக்குக்கும் எச்.எஸ்.என். எண் உண்டு. சிலிக்கா மணலுக்கு 2505, குவார்ட்ஸ் கல்லுக்கு 2506, மாக்கல்லுக்கு 2526, தயாரித்த சிலிக்காவுக்கு 2811, சிலிகேட்டுக்கு 2839, சிலிக்கோனுக்கு 3910. 2021 ஏப்ரல் 1 முதல், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு உட்பட்டவரும் வணிகருக்கு வணிகர் போடும் பில்லில் முதல் நான்கு இலக்கங்களை எழுதியாக வேண்டும். வரிக்காக வந்த எண் என்று அலட்சியமாக இருக்கவேண்டாம், வெள்ளைத் தூளின் சாதகமே அதில் இருக்கிறது. "சிலிக்கா தூள்" என்று சொல்லி 2506 என்று பில் வந்தால், அது அரைத்த கல் என்று புரிந்துகொள்ளுங்கள். எண்ணோடு, உணவுத் தரமா தொழில் தரமா என்று எழுத்திலும் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, கிடங்கு. கோலமாவு, பாத்திரம் தேய்க்கும் தூள், தொழில் ரசாயனம் ஆகியவற்றை அரிசி மாவு, உப்பு, மசாலாப் பொடி இருக்கும் அறையில் வைக்கக்கூடாது. அள்ளும் முறமும் தராசுத் தட்டும் தனியாக இருக்கவேண்டும். அவசரத்தில் கோலமாவு மாவுச் சட்டிக்குப் போன செய்தி நமது கடையிலிருந்து வரக்கூடாது.

மூன்றாவது, வேலையாள். கல்மாவைத் திறந்த வெளியில், காற்று வீசும் பக்கம் முதுகைக் காட்டி நின்று அள்ளச் சொல்லுங்கள். கைக்குட்டை கட்டுவதால் நுண்தூசி நிற்காது, என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். சிந்திய மாவைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். முடிந்தவரை ஆலையிலேயே பாக்கெட் போட்டு வரும் சரக்கை வாங்குங்கள். நம்மிடம் பத்து வருடம் வேலை பார்த்தவர் ஐம்பது வயதில் படியேற முடியாமல் மூச்சிரைத்து நின்றால், அவருக்குக் கொடுத்த சம்பளத்தைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

நான்காவது, சங்கங்களின் கடமை. தனி ஒரு கடைக்காரர் கேட்டால் ஆலைக்காரர் காதில் வாங்கமாட்டார். நூறு கடைகள் சேர்ந்து, "எந்தக் கல் என்று மூட்டையில் அச்சிட்டால்தான் மார்கழிக்கு ஆர்டர்" என்று சொன்னால் அடுத்த மாதமே அச்சாகி வரும். நமது வட்டாரத்து வணிகர் சங்கங்கள் இதை ஒரு தீர்மானமாகவே எடுக்கவேண்டும் என்பது எமது கருத்து. மசாலாப் பொடி பாக்கெட் போடும் சிறு வியாபாரிகள், உணவுத் தர வெண்தூளைக் கூட்டாகக் கொள்முதல் செய்தால் விலையும் இறங்கும், சான்றிதழும் கைக்கு வரும். கெமிக்கல் கடைக்குப் போகவேண்டிய தேவையே இராது.

சிலிக்காவை விஷம் என்று ஒதுக்கவும் வேண்டாம், மண்தானே என்று அலட்சியம் செய்யவும் வேண்டாம். அது இல்லாமல் பனியன் பெட்டி கப்பலேறாது, பம்பு செட் வார்க்க முடியாது, தூள் உப்பு உதிரியாக விழாது. அடுத்த முறை லாரி வந்து நிற்கும்போது, மூட்டையை இறக்குவதற்கு முன் பில்லை வாங்கிப் பார்த்து, "இது எந்தச் சிலிக்கா, எதற்கான சிலிக்கா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மூட்டை லாரியிலேயே இருக்கட்டும்.